மேகன்ஸ் லா தளம்: பெயருக்கு உதவும், வரைபடத்துக்கு உதவாது

கலிஃபோர்னியாவில் வீட்டை வாடகைக்கு எடுத்தாலும் சரி, விலைக்கு வாங்கினாலும் சரி, ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். பதிவு செய்யப்பட்ட பாலியல் குற்றவாளிகளின் விவரம் மாநில நீதித் துறையின் இணையதளத்தில் இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அது சொல்லும். அந்தப் பத்தியை எழுதச் சொல்வது சிவில் சட்டத்தின் 2079.10ஏ பிரிவு. பக்கம் பக்கமாக இனிஷியல் போடுகிற அவசரத்தில் அதைப் படிப்பவர்கள் குறைவு. படித்தவர்களோ அன்று ராத்திரியே தளத்தைத் திறந்து, புது வீட்டு முகவரியைப் போட்டு, வரைபடத்தில் புள்ளிகளைப் பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

அந்தத் தளம்தான் மேகன்ஸ் லா. முகவரி மேகன்ஸ்லா டாட் சிஏ டாட் கவ். இலவசம், லாகின் கிடையாது, நிபந்தனைப் பக்கத்தை ஏற்றுக்கொண்டால் போதும். எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒருவரின் பெயர் கையில் இருந்தால் இது நல்ல கருவி. 'இந்த ஏரியா எப்படி' என்று பார்க்கப் போனால் மோசமான கருவி. ஆனால் பெரும்பாலோர் இரண்டாவது வேலைக்குத்தான் இதைத் திறக்கிறார்கள்.

வரலாறு சுருக்கமாக. 1994-ல் நியூ ஜெர்சியில் மேகன் கான்கா என்ற 7 வயதுச் சிறுமி எதிர்வீட்டுக்காரனால் கொல்லப்பட்டாள். அவன் ஏற்கெனவே சிறுமிகளிடம் நடந்த குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவன் என்பது பெற்றோருக்குத் தெரியாது. அந்தக் கோபத்தில் பிறந்தது நியூ ஜெர்சி சட்டம். 1996-ல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. கலிஃபோர்னியாவில் பதிவேடு 1947 முதலே உண்டு, அமெரிக்காவிலேயே முதல் மாநிலம் அதுதான். ஆனால் அன்றைக்கு அது போலீஸின் கையேடு. 1996-க்குப் பிறகு பொதுமக்கள் காவல் நிலையத்துக்குப் போய் சிடி-ராமில் பார்க்கலாம் என்றானது. இணையத்துக்கு வந்தது 2004 டிசம்பரில்.

இப்போது விஷயத்துக்கு வருவோம்: தளத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை? இது புரியாமல் தேடினால் கிடைக்கிற விடை அத்தனையும் தப்பாகப் புரியும்.

2021-க்கு முன்பு கலிஃபோர்னியாவில் ஒருமுறை பதிவானால் ஆயுளுக்கும் பதிவுதான். எஸ்பி 384 என்ற சட்டம் அதை மூன்று படிகளாகப் பிரித்தது. முதல் படிக்குக் குறைந்தது 10 ஆண்டு, இரண்டாம் படிக்கு 20 ஆண்டு, மூன்றாம் படிக்கு ஆயுள் முழுக்க. காலம் முடிந்ததும் பெயர் தானாக விழுந்துவிடாது. நீதிமன்றத்தில் மனுப் போட்டு நீக்கிக்கொள்ள வேண்டும். 2022 ஜனவரி முதல் இந்தப் படிகளைப் பொறுத்தே தளத்தின் காட்சியும் மாறியது. பொதுவாக, மூன்றாம் படிக்காரரின் வீட்டு முகவரி முழுதாக வரும். இரண்டாம் படிக்காரருக்கு ஜிப் கோடு (அஞ்சல் குறியீடு) மட்டும். முதல் படிக்காரர்கள் பெரும்பாலும் தளத்திலேயே வரமாட்டார்கள். சிறுவயதில் செய்த குற்றத்துக்காகச் சிறார் நீதிமன்றம் பதிவு செய்யச் சொன்னவர்களும் வரமாட்டார்கள்.

வரைபடத்தின் முதல் ஓட்டை இங்கேதான் விழுகிறது. வரைபடத்தில் புள்ளி வைக்கத் தெருவும் கதவு எண்ணும் வேண்டும். ஜிப் கோடு மட்டும் காட்டப்படுகிறவருக்குப் புள்ளி ஏது? முகவரித் தேடலில் 'சுற்றுவட்டாரத்தில் 2 பேர்' என்று நிம்மதியானவர், அதே ஜிப் கோடைத் தனியாகப் போட்டுத் தேடினால் பட்டியல் நீண்டிருப்பதைப் பார்க்கலாம். ஆகவே வரைபடம் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் இரண்டு தேடலையும் செய்யுங்கள். முகவரி ஒன்று, ஜிப் கோடு ஒன்று.

இரண்டாவது ஓட்டை, நிரந்தர முகவரி இல்லாதவர்கள். காரிலும் கூடாரத்திலும் பாலத்தடியிலும் இருப்பவர்கள் 30 நாளுக்கு ஒருமுறை போலீஸில் வந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வரைபடத்தில் அவர்களுக்கு இடமில்லை. இந்தக் கூட்டம் பெருகியதற்கு ஒரு காரணமும் உண்டு. 2006-ல் மக்கள் வாக்கெடுப்பில் ஒரு சட்டம் வந்தது: பதிவானவர்கள் பள்ளிக்கும் பூங்காவுக்கும் 2,000 அடிக்குள் குடியிருக்கக் கூடாது. நகரத்து வரைபடத்தில் 2,000 அடி வட்டம் போட்டுப் பாருங்கள், மிச்சம் என்ன இருக்கிறது? சான் டியேகோவில் பரோலில் இருந்தவர்கள் வீடு கிடைக்காமல் தெருவுக்கு வந்தார்கள். கண்காணிப்பும் கஷ்டமானது. 2015-ல் மாநில உச்ச நீதிமன்றம், அந்தக் கவுண்டியில் (மாவட்டத்தில்) பரோல்காரர்கள் அத்தனை பேர் மீதும் கண்மூடித்தனமாக அதைப் பிரயோகிப்பது செல்லாது என்றது. பாதுகாப்புக்காகப் போட்ட வட்டம் ஆட்களை வரைபடத்தை விட்டே வெளியே தள்ளிய கதை இது.

மூன்றாவது, பழைய முகவரி. பதிவானவர் வருடத்துக்கு ஒருமுறை, பிறந்தநாளையொட்டிய 5 வேலை நாட்களுக்குள் போய்ப் புதுப்பிக்க வேண்டும். வீடு மாறினால் அதற்கும் 5 வேலை நாள் கெடு. சொன்னபடி செய்கிறவருக்கு இது சரி. செய்யாதவரின் பக்கத்தில் விதிமீறல் என்ற குறிப்பு ஏறும். அந்தக் குறிப்பைக் கண்டால் மேலே இருக்கிற முகவரியை நம்ப வேண்டாம். ஆள் அங்கே இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது ஓட்டை மற்ற மூன்றையும்விடப் பெரியது. பெற்றோர், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை, உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி ஆகியோர் செய்த குற்றங்களில் ஒரு பகுதிக்கு, சில நிபந்தனைகளோடு, தளத்திலிருந்து விலக்குக் கேட்டு மனுச் செய்யலாம். கேட்டதும் ரத்தம் கொதிக்கும். ஆனால் இதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. அப்பாவின் படத்தைப் போட்டு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையிடம் குற்றம் என்று எழுதினால் அந்தக் குழந்தை யார் என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். விலக்கு ஓரளவுக்குப் பாதிக்கப்பட்ட பிள்ளையையும் காக்கிறது. இருந்தாலும் விளைவு என்ன? அமெரிக்க நீதித் துறையின் புள்ளியியல் பிரிவு 2000-ல் வெளியிட்ட கணக்குப்படி, போலீஸுக்கு வந்த 18 வயதுக்குட்பட்டோர் மீதான பாலியல் குற்றங்களில் சுமார் 34 சதவீதம் குடும்பத்தார் செய்தவை, 59 சதவீதம் தெரிந்தவர்கள் செய்தவை. முன்பின் தெரியாத ஆள் செய்தது 7 சதவீதம். வரைபடத்தின் புள்ளிகள் பயமுறுத்துவது அந்த 7-ஐ நினைத்து.

நியூயார்க் மாநிலத்தில் 1986 முதல் 2006 வரையிலான கைதுகளை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அதற்கு முன் பாலியல் குற்றத் தீர்ப்பே கிடையாது. அதாவது கைதான அன்று எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இருந்திருக்க முடியாது. எவ்வளவு நல்ல தளமாக இருந்தாலும் இந்த இடத்தில் அது செய்ய ஒன்றுமில்லை.

புள்ளிகளின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாநிலத்தில் பதிவுக்குரியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், மக்கள்தொகை ஏறக்குறைய 3 கோடியே 90 லட்சம். கிட்டத்தட்ட 400 பேருக்கு ஒருவர். 40,000 பேர் வாழும் ஒரு ஜிப் கோடில் சராசரியாக 100 பேர். சிலர் சிறையில் இருப்பார்கள், பலர் தளத்தில் வரமாட்டார்கள், ஆனாலும் எந்த நகரத்தைத் திறந்தாலும் புள்ளிகள் இருக்கத்தான் செய்யும். 'புள்ளியே இல்லாத ஏரியா' என்று ஃப்ரீமாண்டிலிருந்து டப்ளினுக்கும் டப்ளினிலிருந்து சான் ரமோனுக்கும் ஓடுவது வீண் வேலை.

புள்ளியைச் சொடுக்கினால் வரும் பக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் தளம் கொஞ்சம் பயன்படும். படம், பெயர், புனைபெயர்கள், உயரம், எடை, கண் நிறம், தழும்பு, பச்சைக் குத்தல். அதன் கீழே குற்றப் பிரிவு. கடைசித் தீர்ப்பு எந்த ஆண்டு, கடைசியாக விடுதலையானது எந்த ஆண்டு என்றும் இருக்கும். எல்லாரும் படத்தைத்தான் வெறித்துப் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஆண்டுகளை. 1988-ல் தீர்ப்பு, 1993-ல் விடுதலை, அதன் பிறகு ஒன்றுமில்லை என்றால் அது ஒரு விதம். மூன்று வருடம் முன்பு வெளியே வந்தவர் என்றால் வேறு விதம். கனடாவின் கார்ல் ஹான்சனும் கூட்டாளிகளும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அதிக ஆபத்து என்று மதிப்பிடப்பட்டவர்களில் 22 சதவீதம் பேர் விடுதலையான 5 ஆண்டுக்குள் மறுபடி பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். அதே வகையினரில் 10 ஆண்டு குற்றமில்லாமல் வெளியே கழித்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அடுத்த 5 ஆண்டில் அது 4.2 சதவீதமாக இறங்கியிருந்தது.

அடுத்து பிரிவு எண். 288(ஏ) என்பது அடிக்கடி கண்ணில் படும்; 14 வயதுக்குட்பட்ட குழந்தையிடம் பாலியல் நோக்கத்தோடு நடந்த செயல். உடைக்கு மேல் தொட்டதும் இதில்தான் வரும், அதைவிடக் கொடியதும் இதில் வரும். பிரிவு எண்ணை வைத்து நடந்தது என்ன என்று ஊகிக்க முடியாது. 261 என்றால் வன்புணர்ச்சி. பிறகு ஸ்டேடிக்-99ஆர் மதிப்பெண். வயது, முந்தைய தீர்ப்புகள், பாதிக்கப்பட்டவர் உறவா அந்நியரா என்பது போன்ற விஷயங்களை வைத்துப் போடுகிற அபாயக் கணக்கு அது. வயது வந்த ஆண்களுக்கு மட்டுமே உருவாக்கியது. மதிப்பெண் இல்லை என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. கணக்குப் போடவில்லை, அல்லது போட முடியாது என்றுதான் அர்த்தம்.

இனி உருப்படியான உபயோகம். ஒரு பெயர் கையில் இருக்கிறது. வீட்டுக்கு வரப்போகிற ஆயா, பிள்ளைக்கு நீச்சல் சொல்லித்தருகிறவர், டியூஷன் மாஸ்டர், அறையை வாடகைக்குக் கேட்கிறவர். இங்கே தளம் ஐந்து நிமிடத்தில் வேலையைச் செய்யும். ஆனால் வரிசையாகச் செய்ய வேண்டும்.

முதலில் மேகன்ஸ் லாவுக்குப் போகாதீர்கள், கூட்டரசின் என்எஸ்ஓபிடபிள்யூ தளத்துக்குப் போங்கள். 2005-ல் தொடங்கிய அது 50 மாநிலங்களின் பதிவேடுகளையும் ஒரே தேடலில் அலசும். சொந்தமாகத் தரவு வைத்துக்கொள்ளாமல், தேடிக் கண்டதும் அந்தந்த மாநிலப் பக்கத்துக்கு அனுப்பிவிடும். போன மாதம் டெக்சாஸிலிருந்து வந்தவரை கலிஃபோர்னியா தளத்தில் மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவு கட்டுவதுதான் வழக்கமான தவறு. அங்கே பெயர் வந்தால் பிறகு மாநிலத் தளத்தில் படம், பிறந்த தேதி, உடல் அடையாளம் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். ஆள் இவர்தானா என்று உறுதியாகச் சொல்ல விரல்ரேகை ஒன்றே வழி.

நம்மவர் பெயர்களைத் தேடும்போது கூடுதல் கவனம் வேண்டும். சண்முகம் என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். இனிஷியல் சில ஆவணங்களில் அப்பா பெயராக விரிந்து கடைசிப் பெயராகியிருக்கும். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் காலியாக இருந்தவருக்கு விசாவில் முதல் பெயர் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். அதனால் வாய்ச்சொல்லை வைத்துத் தேடாமல் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிற எழுத்துகளை அப்படியே போடுங்கள், பிறகு பெயரை முன்பின்னாக மாற்றி இன்னொரு தடவை தேடுங்கள்.

பெயர்ச் சோதனைக்கும் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை கலிஃபோர்னியாவின் ஆன்டியாக் நகரத்து வழக்கைவிடத் தெளிவாகக் காட்ட வேறொன்று வேண்டாம். பிலிப் கேரிடோ 1991-ல் 11 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடத்தி, ஆன்டியாக்கில் தன் வீட்டின் கொல்லைப்புறத்தில் 18 வருடம் அடைத்து வைத்திருந்தான். அவன் பதிவான பாலியல் குற்றவாளி, அதோடு பரோலில் இருந்தவன். பரோல் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். 2006-ல் பக்கத்து வீட்டார் 911-க்குப் போன் போட்டு, கொல்லையில் கூடாரம் போட்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்றார்கள். வந்த ஷெரிஃப் துணை அதிகாரி வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்விட்டார். எதிரே நிற்பவன் பதிவேட்டில் இருப்பவன் என்பது அவருக்குத் தெரியாது. 2009 ஆகஸ்டில் அவன் இரண்டு சிறுமிகளோடு பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு ஒரு நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு வந்தான். சிறுமிகளின் போக்கு சரியில்லை என்று பட்டதும் வளாகக் காவல்துறை அவன் பெயரைத் தேடிப் பார்த்தது. கடத்தல், வன்புணர்ச்சி, பரோல் என்று வந்தது. பரோல் அதிகாரிக்கு ஒரு போன். அதில் அத்தனையும் வெளியே வந்தது. முகவரி பதிவேட்டில் வருடக்கணக்காகச் சும்மா கிடந்தது. பெயரைத் தேடிய ஒரு ஆள் அதற்கு உயிர் கொடுத்தார்.

ஆராய்ச்சியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. பிரெஸ்காட், ராக்காஃப் இருவரும் 15 மாநிலங்களின் தரவை வைத்து 2011-ல் செய்த ஆய்வில், போலீஸிடம் பதிவு இருப்பது குற்றத்தைக் குறைக்கிறது என்றும், விவரத்தை ஊருக்கெல்லாம் அறிவிப்பது பதிவானவர்கள் மறுபடி குற்றம் செய்வதைக் கூட்டக்கூடும் என்றும் கண்டார்கள். வேலை இல்லை, வீடு இல்லை, உறவு இல்லை என்றான பிறகு இழக்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். 'நம்ம ஊரில் இப்படி ஒரு தளம் இல்லையே' என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவிலும் தேசியத் தரவுத்தளம் ஒன்று 2018 செப்டம்பரில் வந்தது. சுமார் 4.4 லட்சம் பதிவுகளோடு தொடங்கிய அதைப் போலீஸ் மட்டுமே பார்க்க முடியும். வெளியே காட்டாததைக் குறையென்று பலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆயா விஷயத்தில் தளத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உரிமம் தேவைப்படாத வீட்டுப் பராமரிப்பாளர்களுக்காகவே கலிஃபோர்னியாவில் டிரஸ்ட்லைன் என்ற பதிவேடு இருக்கிறது. விரல்ரேகை எடுத்து, மாநிலக் குற்றப் பதிவு, எஃப்பிஐ, குழந்தை வன்கொடுமைக் குறியேடு மூன்றிலும் பார்த்த பிறகே பெயர் ஏறும். மேகன்ஸ் லாவில் வராத பல விஷயங்கள் அங்கே பிடிபடும். வார இறுதித் தமிழ் வகுப்பு, பரதநாட்டியம், கிரிக்கெட் கோச்சிங் போன்றவற்றுக்கு ஏபி 506 சட்டத்தைப் பிடித்துக் கேளுங்கள். சிறுவர்களுக்கான அமைப்புகளின் நிர்வாகிகள், ஊழியர்கள், மாதம் 16 மணி நேரத்துக்கு மேலோ ஆண்டுக்கு 32 மணி நேரத்துக்கு மேலோ வரும் தன்னார்வலர்கள் லைவ் ஸ்கேன் விரல்ரேகைச் சோதனை செய்திருக்க வேண்டும் என்று 2022 முதல் விதி. 'எல்லாருக்கும் லைவ் ஸ்கேன் முடிந்துவிட்டதா, குழந்தையோடு பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக இருக்க விடுவீர்களா?' இந்த இரண்டு கேள்விக்கு வரும் பதில், வரைபடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிட அதிகம் சொல்லும். தெரிந்தவர்தானே என்று கேட்கக் கூச்சப்படுவோம். மேலே சொன்ன 59 சதவீதமும் தெரிந்தவர்கள்தான்.

தளத்தில் கண்டதை என்ன செய்யலாம் என்பதிலும் சட்டம் கறார். ஆபத்தில் இருக்கும் ஒருவரைக் காப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம். வேலை, வீடு, கடன், காப்பீடு, கல்வி உதவி மறுப்பதற்கு அதைப் பயன்படுத்தத் தடை உண்டு. வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் இதை வக்கீலிடம் கேட்காமல் கையில் எடுக்கக் கூடாது. இந்தத் தகவலை வைத்துச் சிறு குற்றம் செய்தாலே 10,000 முதல் 50,000 டாலர் வரை அபராதம், பெருங்குற்றம் என்றால் தண்டனையோடு கூடுதலாக 5 ஆண்டு. வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு 'இவன் வீட்டுக்கு எல்லாரும் போகலாம்' என்பது விளையாட்டல்ல. 2006-ல் மெய்ன் மாநிலத்தில் 20 வயது இளைஞன் ஒருவன் அங்குள்ள இணையப் பதிவேட்டிலிருந்து முகவரி எடுத்து இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். கொல்லப்பட்டவர்களில் ஒருவரின் குற்றம், 19 வயதில் 16 நிரம்பாத காதலியோடு இருந்தது. இன்னொன்று: பதிவானவரே மேகன்ஸ் லா தளத்துக்குள் நுழைந்தால் அதுவும் குற்றம், 6 மாதம் வரை சிறை.

தனியார் நிறுவனங்களின் 'ஆள் தேடல்' தளங்களும் இதே தரவை எடுத்துப் போட்டு மாதச் சந்தா கேட்கின்றன. பழைய நகல் அது. நீதிமன்றம் நீக்கிய பெயர் அங்கே அப்படியே இருக்கும், புதிதாக ஏறிய பெயர் இருக்காது. காசு கொடுக்காதீர்கள்.

கடைசியாக, வீடு வாங்கிக் குடிபோன பிறகு சொந்த முகவரியை ஒருமுறை போட்டுப் பாருங்கள். முன்பு அங்கே குடியிருந்தவர் முகவரியை மாற்றாமல் போயிருந்தால் புள்ளி உங்கள் வீட்டின் மேலேயே நிற்கும், அக்கம்பக்கம் உங்களை ஒரு மாதிரி பார்க்கும். தளத்தை நடத்துவது மாநில நீதித் துறை என்றாலும், பதிவானவரிடம் முகவரி வாங்குவது உள்ளூர்க் காவல்துறை அல்லது ஷெரிஃப் அலுவலகம். வீட்டுப் பத்திரத்தின் நகலோ லீஸோ எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் பாலியல் குற்றவாளிகள் பதிவுப் பிரிவு எது என்று கேளுங்கள். அவர்கள் சரிபார்த்துத் திருத்தி அனுப்பினால்தான் தளத்தில் மாறும்.